ரசம் பூசுகிற கடற்கரை

மிச்ச மருந்தில் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுவிட்டு, முகத்தைத் திருப்பாமல் வாசல் நிலை வரைக்கும் பின்னாலேயே நடந்து போய் நிற்கிறார் கடற்கரை. தெளிந்து கிடந்த மருந்து பால் திரிந்தாற்போலத் திரிந்து, வெள்ளையெல்லாம் சட்டியின் அடியில் போய் உட்காருகிற வரைக்கும் அவருக்கு மூச்சு சீராக வருவதில்லை. உட்கார்ந்த பிற்பாடுதான், "உலகம்மா, இன்னைக்கும் காப்பாத்திட்ட" என்று கையைத் தலைக்குமேல் தூக்கிக் கும்பிடுகிறார். சட்டியைக் கொண்டுபோய்ப் புழக்கடையில் குழி தோண்டிக் கொட்டி, மண்ணை மூடி, அந்த மண்ணையும் ஒரு தரம் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே வருகிறார்.

கண்ணாடிக்கு ரசம் பூசுவது அவர் தொழில். வெள்ளியைத் திராவகத்தில் கரைத்து, அமோனியாத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கற்கண்டுப் பாகைக் கலந்து, கழுவித் துடைத்த கண்ணாடியின்மேல் ஊற்றினால் வெள்ளி தானாகப் பிரிந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். ஊற்றினது போக நிற்கிற மருந்தை அன்றைக்கே அழித்துவிட வேண்டும். சோம்பேறித்தனத்தில் விட்டு வைத்தால் அது கறுத்துக் காய்ந்து, ஈ உட்கார்ந்தாலும் வெடிக்கும். மதுரையில் அவரோடு சேர்ந்து வேலை பழகினவனுக்கு அப்படித்தான் ஒரு கண் போயிற்று. அதனால் கடற்கரைக்கு மருந்தைக் கலக்கும்போது ஒரு பயம், ஊற்றும்போது ஒரு பயம், அழிக்கும்போது ஒரு பயம்.

மருந்தோடு நின்றதா அது. இடி இடித்தால் பயம். ரயில் இஞ்சின் நீராவி விட்டால் பயம். குற்றாலத்துக் குரங்கு கண்ணாடியில் தன் மூஞ்சியைப் பார்த்துச் சண்டைக்கு வந்துவிடுமோ என்று, பங்களாக்களுக்குக் கண்ணாடி கொண்டுபோகும்போது அதற்கு ஜமுக்காளம் சுற்றி, பிணத்தைத் தூக்கிப் போகிறவர் மாதிரித் தலை கவிழ்ந்து போவார். "எங்க வீட்டுக்காரரு பயத்தைப் பங்கு வச்சுக் குடுத்தா தென்காசித் தாலுகா முழுசுக்கும் காணும்" என்பாள் அவர் மனைவி முப்பிடாதி. அவளுக்கு நேர்மாறான குணம். பாம்பு வந்தால் அவள்தான் கம்பெடுப்பாள். இவர் பெட்டியின்மேல் ஏறி நின்று, பாம்பு எங்கே போகிறது என்று அவளுக்குத் திசை சொல்லுவார்.

ஆள் ஒல்லி. நெற்றி நிறையத் திருநீறு. மருந்து பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் நாவல்பழம் தின்ற நாக்குப் போலக் கறுத்துக் கிடக்கும். எந்தச் சீயக்காய்க்கும் போகாது. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் அந்த விரல்களையே பார்த்தால், "அழுக்கு இல்ல அண்ணாச்சி, வெள்ளி" என்று மெதுவாகச் சொல்லுவார். வெள்ளி எப்படிக் கறுப்பாக இருக்கும் என்று யாரும் கேட்டுவிட்டால் விளக்கத் தெரியாமல் சோற்றைப் பார்த்துக் குனிந்துகொள்ளுவார்.

அவருக்குச் சோறு போடுவது சாரல்தான். சாரல் காலத்தில் குற்றாலத்துப் பங்களாச் சுவர்கள் ஓதம் காத்து ஈரம் ஊறி, மாட்டி வைத்த கண்ணாடிகளில் தேமல் படர்ந்துவிடும். எல்லாம் இவரிடம் வரும். மருந்து கலக்கவும் சாரல் தண்ணீரைத்தான் பிடித்து வைத்துக்கொள்ளுவார். கிணற்றுத் தண்ணீரை விட்டால் மருந்து அப்போதே கலங்கிப் போகும்.

ஒரு கண்ணாடி முடிந்ததும் அதைச் சும்மா அனுப்ப மாட்டார். உலகம்மன் சந்நிதியிலிருந்து வாங்கி வந்த சந்தனத்தை உரைத்து, கண்ணாடியின் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்துத்தான் அனுப்புவார். முகம் பார்க்கிற பொருளுக்குத் திருஷ்டி சீக்கிரம் படும் என்பது அவர் எண்ணம். வாங்குகிறவர்கள் வீட்டுக்குப் போனதும் துடைத்துவிடுவார்கள். அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

கடல் கண்ணாடி வந்த பிறகுதான் கெடுதல் வந்தது.

கஸ்பார் என்று தூத்துக்குடியில் ஒரு தண்டல். தண்டல் என்றால் பாய்மரத் தோணியை நடத்துகிறவர். முழங்கால் வாதத்துக்காக வருஷா வருஷம் அருவியில் குளிக்க வருவார். ஆள் பனைமரம் மாதிரி. பேச்சு மணியடித்தாற்போல இருக்கும். தங்கியிருந்த பங்களாவில் ரசம் புதுக்கின கண்ணாடியைப் பார்த்துவிட்டு, யார் செய்தது என்று விசாரித்துக்கொண்டு ஒரு பெட்டியோடு தென்காசிக்கு வந்தார். பெட்டிக்குள் செக்ஸ்டண்ட் என்கிற பித்தளைக் கருவி இருந்தது.

விசிறியை விரித்துப் பிடித்தது போல ஒரு சட்டம். அதன் அடி வளைவில் பல் பல்லாகக் கோடுகள். நகருகிற கை ஒன்று. அந்தக் கையின் தலையில் தீப்பெட்டி அளவில் ஒரு கண்ணாடி. அதற்கு எதிரே, சட்டத்தோடு அசையாமல் இன்னொரு கண்ணாடி. இந்த இரண்டாவதில் பாதிக்குத்தான் ரசம் உண்டு, பாதி வெறும் கண்ணாடி. குழாயில் கண்ணை வைத்தால் வெறும் பாதியின் வழியே கடலும் வானமும் தொடுகிற கோடு தெரியும். கையை நகர்த்தினால் ரசமுள்ள பாதியில் சூரியன் மெல்ல மெல்ல இறங்கி வந்து அந்தக் கோட்டின்மேல் உட்காரும். உட்கார்ந்ததும் கோட்டை வாசித்துக் கணக்குப் போட்டால் தோணி எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். உப்புக்காற்றில் இரண்டு கண்ணாடியும் கறுத்துப் போயிருந்தன.

கடற்கரை அதைக் கையில் வாங்காமல், குனிந்து பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இது ஒரு நூல் சாஞ்சிட்டா என்ன ஆவும் அண்ணாச்சி?"

"நூலா? மயிரிழை சாஞ்சாப் போதும் வே. கரை இருக்க வேண்டிய எடத்துல தண்ணி இருக்கும். தண்ணி இருக்க வேண்டிய எடத்துல பாறை இருக்கும்."

"பொறவு?"

"பொறவு என்ன, மீனுக்குச் சாப்பாடு."

கஸ்பார் சிரித்தார். கடற்கரை ஓரடி பின்னால் நகர்ந்து நின்றார். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் பெரிய மனிதரிடம் இல்லை என்று சொல்லவும் பயம். வாங்கி வைத்துக்கொண்டார்.

திருச்செந்தூர் ஆண்டவனுக்கு நேர்ந்து பிறந்ததால் தாயார் வைத்த பேர் கடற்கரை. முடியிறக்க மடியில் கிடத்திக் கொண்டுபோனார்களாம். அதோடு சரி. விவரம் தெரிந்த பிறகு அவர் கடலைக் கண்டதில்லை. காண ஆசைப்பட்டதும் இல்லை. கரை தெரியாத தண்ணீர் என்று யாராவது பேச்செடுத்தாலே துண்டை இறுக்கிப் போர்த்திக்கொள்ளுவார். அப்படிப்பட்டவர் கையில், ஒரு தோணி நிறைய மனிதர்களின் உயிர் இரண்டு துண்டுக் கண்ணாடியாக வந்து உட்கார்ந்தது.

வேலையில் குறை வைக்கவில்லை. பழைய ரசத்தைத் திராவகத்தால் எடுத்து, புதிதாக ஊற்றி, முதுகில் அரக்கு பூசிக் காய வைத்தார். பாதிக் கண்ணாடிக்கு, அரக்குப் பூசாத பாதியை மட்டும் திராவகப் பஞ்சால் துடைத்து, இரண்டுக்கும் நடுவிலுள்ள கோட்டைக் கத்தி வெட்டினதுபோல நிறுத்தினார். கடைசியில் சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். முன்பக்கம் பொட்டு வைத்தால் பார்வை மறையும். அதனால் முதுகில், அரக்கின்மேல், ஒரு சின்னப் பொட்டு. வழக்கமாக வைப்பதைவிடக் கொஞ்சம் தடிப்பாகவே வைத்தார். போகிற இடம் கடலாயிற்றே. பொட்டு காய்ந்ததும் கண்ணாடியைச் சட்டத்தில் உட்கார வைத்துக் கிளிப்பை இறுக்கினார்.

அப்புறம் திருக வேண்டும். கண்ணாடிக்குப் பின்னாலுள்ள குட்டித் திருகுகளைத் திருப்பி, நேரே தெரிகிறதும் ரசத்தில் தெரிகிறதும் ஒட்டு இல்லாமல் ஒன்றாகும்படி செய்ய வேண்டும். அதற்குத் தொலைவில் ஒரு கோடு வேண்டும். தென்காசியில் கடல் ஏது. மாடியில் நின்றுகொண்டு குற்றாலத்து மலை முகட்டைப் பிடித்தார். சாரல் காலத்தில் முகட்டை மேகம் மூடிக்கொள்ளும். மேகம் விலகுகிற அந்தச் சின்னப் பொழுதுக்காகச் சாப்பிடாமல்கூடக் காத்திருந்து, இரண்டு முகடும் ஒரே முகடாகிற வரைக்கும் திருகினார்.

கஸ்பார் வந்து பார்த்து மெச்சிக்கொண்டார். அவர் சொல்லி இன்னும் சில தண்டல்மார் கொண்டுவந்தார்கள். ரசக்காரர் பூட்டிக் கொடுத்த திருகில் நாம் கை வைக்கக்கூடாது என்று அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. கடற்கரை எப்படி நிறுத்தினாரோ, அப்படியே அது கடலுக்குப் போகும்.

சென்ற ஆவணியில் கஸ்பார் மறுபடியும் வந்து, புது ரசம் போட்ட கருவியை வாங்கிக்கொண்டார். "சனிக்கிழமை காலையில மாதா கோயில்ல பூசை கண்டுட்டுக் கெளம்புதோம் வே. கொழும்புல சரக்கை எறக்கிட்டு, அங்கன இருந்து மாலத்தீவு" என்று சொல்லிவிட்டு ரயிலேறினார்.

அவர் போன மறுநாள், வெள்ளிக்கிழமை காலையில், காயல்பட்டினத்து மரைக்காயர் ஒருவர் கடைக்கு வந்தார். போன வருஷம் கருவி புதுக்கிக்கொண்டு போனவர். குடும்பத்தோடு அருவிக்கு வந்தவர், வருகிற வழியில் பெட்டியை இறக்கினார்.

"கண்ணாடி லேசா ஆடுது கடற்கரை. கையோட இறுக்கிக் குடுத்திரும்."

"ஆடுதா மொதலாளி?"

"கடல்ல போனா ஆடத்தானே செய்யும். நாங்களே ஆடிட்டுத்தான் வந்தோம்." மரைக்காயர் பெஞ்சில் சாய்ந்துகொண்டு சாவகாசமாகச் சொன்னார். "மாலத்தீவுக்குப் போனோம். கணக்குப்படி தீவு வந்திருக்கணும். தீவைக் காணோம். தெக்கே போனோம், காணோம். வடக்கே வந்தோம், காணோம். எம் மச்சான் சொல்லுதான், தீவு ஏதோ கல்யாண வீட்டுக்குப் போயிருக்கும், சாப்பிட்டுட்டு வந்துரும்னு. சிரிச்சோம். குடிதண்ணி தீந்த பொறவு யாருக்கும் சிரிப்பு வரல. பாயைப் பிழிஞ்சு மழைத்தண்ணி குடிச்சோம். கடசியில ஒரு பறவை சாயங்காலம் போன திக்கைப் பாத்துப் பின்னாலேயே போயித்தான் கரை கண்டது. அல்லாவோட கிருபை."

கடற்கரை கேட்டுக்கொண்டே கிளிப்பைத் தளர்த்தினார். கண்ணாடி பெயர்ந்து வந்தது. அதன் பின்னாலிருந்து ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் அவர் உள்ளங்கையில் உதிர்ந்தது.

அவர் அதை மூக்கருகே கொண்டுபோகவில்லை. கொண்டுபோகாமலேயே சந்தன வாசனை வந்தது. கண்ணாடியின் முதுகில் பொட்டின் ஒரு பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. மறுபாதி வெடித்து உதிர்ந்து, அந்தப் பக்கம் கண்ணாடி உள்வாங்கிச் சாய்ந்திருந்தது. பொட்டின் தடிப்பையும் சேர்த்துத்தான் அன்றைக்கு அவர் முகட்டைப் பிடித்திருக்கிறார். கடற்காற்றில் பொட்டு காய்ந்து உதிர்ந்ததும் அத்தனையும் பொய்யாகிப் போயிற்று.

"என்னது அது, மருந்தா?" என்றார் மரைக்காயர்.

"தூசி மொதலாளி."

மரைக்காயர் பெட்டியை வைத்துவிட்டு அருவிக்குப் போனார். கடற்கரை உள்ளங்கையை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கஸ்பாருடைய கருவியில் பொட்டு புதிது. இந்த வருஷம் இன்னும் தடிப்பு.

முப்பிடாதி கஞ்சிக்குக் கூப்பிட வந்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு முதலில் மருந்துச் சட்டியைத்தான் பார்த்தாள். அது கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது.

"என்னத்தைக் கண்டு பயந்தீரு இப்ப?"

அவர் கையை விரித்துக் காட்டினார். சொல்லி முடிக்க நேரமாயிற்று. நடுவில் இரண்டு தரம் தண்ணீர் குடித்தார். எதையும் சிரித்துத் தள்ளுகிற முப்பிடாதி இதற்குச் சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு நின்றாள்.

"தந்தி அடிச்சிருவமா" என்றாள்.

"என்னன்னு அடிக்க? கண்ணாடியைக் கழத்திச் சந்தனத்தைத் துடையும்னா? கழத்தத் தெரியாமக் கழத்தி ஒடச்சிருவாருல்லா. கண்ணாடி இல்லாம நின்னுட்டாலும் பரவால்ல, அந்த மனுசன் திருகைத் திருத்தாம சும்மா திருப்பி மாட்டிட்டுப் போயிருவாரு."

"அதுவுஞ்சரிதான். தந்தின்னதும் அந்த வீட்டுப் பொம்பள படிக்கதுக்கு முன்னாலயே ஒப்பாரி வச்சிருவா."

"சாமிக்கு வச்ச பொட்டு ஏட்டி. சாமியே இப்படிச் செய்யுமா?"

"சந்தனம் நெத்திக்கு வைக்கிறது. கண்ணாடி முதுகுல அப்பிட்டுச் சாமியைச் சொல்லுதீரே." குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள். "நீருதான் போவணும்."

"கடலுக்கா?"

"தோணி அங்கனதான நிக்கும். தென்காசி ஸ்டேஷனுக்கா வரும்?"

அவர் போனார். அன்றைக்கே போனார் என்பதை அந்தத் தெருவில் இன்றைக்கும் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். துண்டில் திருப்புளி, பஞ்சு, சாரல் தண்ணீர்ச் சீசா எல்லாவற்றையும் முடிந்துகொண்டு, ரயிலில் ஜன்னலோரம் உட்காராமல், மணியாச்சியில் வண்டி மாறும்போது இரண்டு பேரிடம் கேட்டது போதாதென்று மூன்றாவது ஆளிடமும் கேட்டு ஏறினார். வழியெல்லாம் அவர் மனசில் ஓடினது ஒன்றுதான். தோணி முன்கூட்டியே கிளம்பியிருந்தால்? கிளம்பாமல் இருந்தால், அந்தத் தண்ணீர் ஓரத்தில் போய் நிற்க வேண்டுமே. இரண்டில் எது நடக்க வேண்டும் என்று சாமியிடம் கேட்பதென்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

கரைக்குப் போனபோது அவர் தரையைப் பார்த்தே நடந்தார். கருவாட்டு வாடை, தார் வாடை, எங்கேயோ பெரிதாக மூச்சு விடுவது போல ஒரு சத்தம். கஸ்பாருடைய தோணி பாரம் ஏற்றி, கரையிலிருந்து தள்ளி நங்கூரத்தில் நிற்கிறது என்றார்கள். வள்ளத்தில்தான் போகவேண்டும். வள்ளக்காரன் பேரைக் கேட்டான். சொன்னார். அவன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தான்.

"கடற்கரைன்னு பேரை வச்சுக்கிட்டுக் கண்ணை மூடிட்டு இருக்கீரே வே."

"நீ போப்பா. நான் தொறக்க மாட்டேன். எடம் வந்ததும் சொல்லு."

கண்ணைத் திறந்தது கஸ்பார் கைகொடுத்து மேலே தூக்கின பிறகுதான். தோணியில் நின்ற ஆட்கள் ஏதோ சொந்தக்காரர் வழியனுப்ப வந்ததாக நினைத்து வழி விட்டார்கள். பாய்மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கடற்கரை எல்லாவற்றையும் சொன்னார். பொட்டு வைத்ததைச் சொன்னார். மரைக்காயர் தண்ணீர் இல்லாமல் அலைந்ததைச் சொன்னார். தான் தூசி என்று சொன்னதையும் சொன்னார். சொல்லச் சொல்ல ஆட்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். கஸ்பார் முகத்தில் சிரிப்பில்லை. இந்த ஆள் தன்னை இப்படியே தூக்கித் தண்ணீரில் போட்டாலும் நியாயம்தான் என்று கடற்கரைக்குத் தோன்றியது.

கஸ்பார் அறைக்குள் போய்ப் பெட்டியை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார்.

"கழத்தும்" என்றார்.

தளம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கடற்கரை திருப்புளியை எடுத்தார். கண்ணாடி தவறினால் மாற்றுக் கண்ணாடி தென்காசியில்தான் இருக்கிறது. கஸ்பார் தன் தோள் துண்டை உருவி, அவர் கைக்குக் கீழே விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கிளிப் தளர்ந்தது. கண்ணாடி வந்தது. பொட்டு முழுசாக இருந்தது. ஆனால் நடுவில் மயிரிழை போல ஒரு வெடிப்பு விட்டிருந்தது. அதைப் பார்த்ததும் கஸ்பார் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார்.

பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, பொட்டை ஊறவைத்து ஊறவைத்துத் துடைத்தார் கடற்கரை. வெறும் அரக்குத்தான் மிஞ்சினது. கண்ணாடியை அப்படியே திருப்பி உட்கார வைத்தார். இனி திருக வேண்டும். இங்கே மலை இல்லை. முகடு இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதுதான் இருந்தது.

"அங்கன பாரும்" என்று கஸ்பார் கிழக்கே கையைக் காட்டினார்.

அவர் குழாயில் கண்ணை வைத்தார். முடிவில்லாமல் ஒரு கோடு. அதைப் பார்த்த உடனே கண் தானாக மூடிக்கொண்டது. செந்திலாண்டவன் பேரைச் சொல்லிக்கொண்டு மறுபடி திறந்தார். கோடு இரண்டு துண்டாக, ஒன்று மேலே ஒன்று கீழே நின்றது. பொட்டில்லாத கண்ணாடி சொன்ன உண்மை அது. திருகினார். நெருங்கியது. தாண்டியது. திரும்பத் திருகினார். வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையை எடுக்கவில்லை. இரண்டு துண்டும் ஒட்டுத் தெரியாமல் ஒரே கோடாகிற வரைக்கும் அவர் வேறெதையும் பார்க்கவில்லை.

கஸ்பாரும் வாங்கிப் பார்த்தார். இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம்.

"சேந்துட்டுது" என்றார். ஆட்கள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

கடற்கரை இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும் என்று சொல்லித் திருப்பி வாங்கினார். பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. கருவியைத் திருப்பிக் கண்ணாடியின் முதுகுப் பக்கத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றுமே இல்லை. இப்படியே வெறுமையாகப் போகப் போகிறது, அந்தக் கோட்டுக்கு அப்பால்.

"குடும் ஓய்" என்று கஸ்பார் கையை நீட்டினார். "வெயில் போகுது. உம்மைக் கரையில விடச் சொல்லணும்லா."

"தாரேன் அண்ணாச்சி."

தரவில்லை. சட்டத்தைச் சுற்றி அவர் விரல்கள் இறுகியிருந்தன.

"ஓய் கடற்கரை. எங்களை மாதா பாத்துக்கிடுவா. விடும்."

"விட்டுட்டேன் அண்ணாச்சி" என்றார் கடற்கரை, மெய்யாகவே விட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டு.

கஸ்பார் குனிந்து, குழந்தை கையிலிருந்து கத்தியை வாங்குகிறவர் போல, அவருடைய சுட்டுவிரலை மெதுவாக எடுத்துவிட்டார். பிறகு நடுவிரலுக்கு வந்தார். அதை எடுப்பதற்குள் சுட்டுவிரல் பழையபடி போய்ச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது.